பூல்பாண்டி குழுவை வளர்த்துவிட்டவன்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்தப் பையை நான் மடியில வச்சிக்கிடுதேன். உள்ள ஒண்ணுமில்ல, பொன்னாடைதான். சரிகை போட்டது, கசங்கிரக்கூடாது பாத்துக்கிடுங்க, அதாம் சீட்டுல தனியா வச்சிருந்தேன். கண்டக்டர் அதுக்கு ஒரு மொறை மொறைச்சான். மொறைக்கட்டும்.

தென்காசிக்கா போறீய? நான் புளியங்குடியில எறங்கிருவேன். பக்கத்து ஊர்ல கோயில் கொடைத் திருவிழா, பாட்டுக் கச்சேரி இருக்கு. யாரு பாடுதான்னு கேக்கீயளா? சொன்னாலும் ஒங்களுக்குத் தெரியாது. தெரியாதுலா? அதாம்! ஒங்களுக்குத் தெரியாத ஆளு பாடுதாம்னாத்தான் நான் பஸ்ஸே ஏறுவேன். ஒங்களுக்குத் தெரிஞ்சவன் பாடுனா அங்க எனக்கு என்ன சோலி?

எம் பேரு ஆவுடையப்பன். சங்கரன்கோவில் பக்கம் மேலச்செவல்குளம். மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். நாள் முழுக்க கருகிப்போன மோட்டாரை மோந்து பாக்கிற பொழப்பு. சங்கீதம்தான் நமக்கு மூச்சு. பாடத் தெரியாது, தாளம் தெரியாது, ஆனா எவன் நல்ல கலைஞன்னு பாத்த ஒடனே சொல்லிருவேன். எவனுக்குக் கூட்டம் இல்லியோ அவன் நல்ல கலைஞன். சிரிக்காதீய, இதுல விஷயம் இருக்கு.

ஒரு தடவை எம் மருமகன் டிக்கெட் எடுத்துக் குடுத்தாருன்னு திருநெல்வேலிக்குப் போனேன். பெரிய ஆளு கச்சேரி, பேரு வேண்டாம், ஒங்க போன்லயே அவரு பாட்டு அம்பது கெடக்கும். என்ன கூட்டம்ங்கீய! மேடையில அவரு கட்டைவிரல் தண்டிக்குத் தெரியுதாரு. பக்கத்துல வீட்டு ஒசரத்துக்கு டிவியைக் கட்டி வச்சி, அதுல மூஞ்சியைக் காட்டுதான். ஏம் தம்பி, டிவியில பாக்கிறதுக்கு நான் எதுக்கு வேட்டிக்குக் கஞ்சி போட்டு அங்க போவணும்? முன்வரிசைக்குப் போய் ஒரு பொன்னாடை போத்துவோம்னு பாத்தா, கறுப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் தடுத்து, "பெரிசு, பார்சல் எல்லாம் உள்ள போகாது"ங்கான். பார்சலாம்! அன்னைக்கு முடிவு பண்ணேன். அங்க போனா நாம கூட்டம். சின்னக் குழு கச்சேரிக்குப் போனா நாம ஆளு. அவன் ஒரு எடத்துல தப்பா வாசிச்சிட்டாம்னா நம்மளைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பான் பாருங்க, அந்தச் சிரிப்பு அந்தப் பெரிய டிவியில வருமா? சொல்லுங்க.

பூல்பாண்டி குழுவை நான் கண்டுபிடிச்சது ஒரு மழையில. ஒரு பட்டிக்காட்டுக் கொடை. தூத்தல் விழுந்ததும் ஜனமெல்லாம் எந்திரிச்சிப் போயிட்டு. மிச்சம் நானும் எம் பொண்டாட்டி குருவம்மாளும். அப்புறம் மைக்செட்டுக்காரன், அவன் ஒறங்கிட்டான். மேடையில நாலே பேரு. கீபோர்டு வாசிக்கிறது பூல்பாண்டி, குழுவுக்கு அவந்தான் தலைவன், பகல்ல ஷேர் ஆட்டோ ஓட்டுதான். பாடுதது முப்பிடாதின்னு ஒரு பொண்ணு, பீடி சுத்துற வீட்டுப் பிள்ளை. ரெண்டு பேருக்குன்னாலும் அந்தப் பிள்ளை ரெண்டாயிரம் பேருக்குப் பாடுத மாதிரி பாடிச்சு. நாலு பாட்டு முடிஞ்சதும் பூல்பாண்டி மைக்ல சொல்லுதான்: "கொட்டும் மழையிலும் அமர்ந்து ரசித்துக்கொண்டிருக்கும் முன்வரிசை அண்ணாச்சி அவர்களுக்கு எங்கள் குழுவின் சார்பாக நன்றி." எறங்கி வந்து பேரைக் கேட்டான். அடுத்த பாட்டுக்கு முன்னால, "மேலச்செவல்குளம் அண்ணாச்சி ஆவுடையப்பன் அவர்கள்" அப்படிங்கான். எட்டுத் தெருவுக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டிருக்கு. மழைச் சத்தத்துக்கு மேல எம் பேரு போவுது. எனக்கு மேலெல்லாம் சிலுத்துட்டு. தோள்ல கெடந்த துண்டை எடுத்துட்டுப் போயி அந்தப் பிள்ளைக்குப் போத்திட்டேன். சங்கீதம்னா இதாம் தம்பி, நெஞ்சைத் தொடணும்.

அன்னையில இருந்து அவங்க எங்க வாசிச்சாலும் டிவிஎஸ் அம்பதுல நானும் குருவம்மாளும் போயிருவோம். அவ பின்னால பையை வச்சிட்டு உக்காந்திருப்பா. பொன்னாடைக்குன்னு நல்லதா ஒண்ணு வாங்கிட்டேன். போத்திட்டு, கச்சேரி முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கிடுவேன். ஏன் அப்படிப் பாக்கீய? அது மேடையில செய்ற மரியாதை. வீட்டுல கொண்டுபோயி அந்தப் பிள்ளை அதை என்ன செய்யப் போவுது? மடிச்சிக் குடுக்கும், வாங்கி வச்சிக்கிடுவேன். அடுத்த கொடைக்கு ஆவும்.

அவங்க சொந்தமா ஒரு பாட்டு வச்சிருந்தாங்க. குழாயடிப் பாட்டுன்னு பேரு. அந்தப் பிள்ளையே கட்டுனது. எல்லாக் கச்சேரியிலயும் சினிமாப் பாட்டுக்கு நடுவுல அதையும் பாடும். ஜனங்க அதுக்குத்தான் ஒண்ணுக்குப் போக எந்திரிப்பாவ. நான் ஒருத்தந்தான் "குழாயடி! குழாயடி!"ன்னு கத்துவேன். கேளுங்க:

கொடத்துக்குப் பின்னால கொடமிருக்கு
குழாய்க்குள்ள காத்து மட்டும் ஊளையிடுது
எடத்தை நீ புடிச்சியா, நான் புடிச்சேனா
எட்டூரு கேக்கச் சண்ட நடக்குது

எப்படி? நல்ல சிரிப்புப் பாட்டு. முதல் அடி, இந்த நாலு வரியும் முடிஞ்சி கீபோர்டு தனியா வரும்லா, அப்ப நான் மேடை ஏறுவேன். பாட்டு முடிஞ்சப்புறம் ஏறுனா ஜனங்க பாய சுருட்டிருவாவ, அதனால நடுவுல ஏறுததுதான் மொறை. பொன்னாடை போத்தி, கீபோர்டுக்கு ஒரு கை குடுத்து, தாளத்துக்குப் பேடு தட்டுறவனுக்கு ஒரு கை குடுத்து, பொறத்தால நின்னு ரெண்டு வார்த்தை பேசுறதுக்கு மனசுக்குள்ள தயார் பண்ணிக்கிடுவேன். அந்தப் பிள்ளை பாட்டுக்குப் பாடிட்டு இருக்கும். மேடையில நின்னா பாட்டு கேக்காது தம்பி, தெரியுமா ஒங்களுக்கு? ஸ்பீக்கரெல்லாம் ஜனங்களைப் பாத்துலா இருக்கும். நமக்குப் பேடு சத்தம் மட்டும் தொம்மு தொம்முன்னு கேக்கும். பாட்டு முடிஞ்சதும் மைக்கை வாங்கிப் பேசுவேன். கலையை வளக்கணும், சின்னக் கலைஞனை ஆதரிக்கணும்னு பேசுவேன். கீழ குருவம்மா கைதட்டுவா. அவ தட்டுனா இன்னும் நாலு பேரு தட்டுவான்.

இப்படி நல்லாப் போயிட்டிருந்துச்சு. கெடுத்தது யாருன்னா எம் பொண்டாட்டிதான். நான் பொன்னாடை போத்துறதைப் படம் புடின்னு போனைக் குடுத்திருந்தேன். அவ அந்தப் பாட்டு முழுசையும் வீடியோ எடுத்து மகளிர் குழுவுக்கு அனுப்பிருக்கா. அது அங்கயிருந்து கெளம்பி எங்கெங்கயோ போயிட்டு. துபாய்ல இருந்தெல்லாம் பாக்கானாம். "பாதி வீடியோ ஒங்க முதுகுதான் தெரியுது"ன்னா. "அந்தத் துண்டு அண்ணாச்சி யாரு?"ன்னு ஆயிரக்கணக்கான பேரு எழுதிருக்காவளாம். வேற என்ன எழுதிருக்கான்னு கேட்டேன். நகரச் சொல்லி எழுதிருக்கான்னா. நான் அந்த வீடியோவைப் பாக்கல. எனக்கு எதுக்கு வீடியோ? நான் நேர்ல கேக்கிற ஆளு.

இது நடந்தப்பதான் எங்க ஊர்க் கொடை வந்துச்சு. எளவட்டப் பயலுவ கூடி, டிவியில வந்த பாடகருங்களைச் சென்னையில இருந்து கூப்பிடணும்ங்கான். நான் எந்திரிச்சேன். "ஏலே, பூல்பாண்டி குழுவைக் கூப்பிடு, இல்லைன்னா கோயில் கெணத்து மோட்டாருக்கு வேற ஆளைப் பாத்துக்கோ"ன்னேன். சென்னைக்காரனும் உடுப்பு மாத்த ஏசி ரூம் வேணும்னு கேட்டிருக்கான். எங்க ஊர்ல ஏசி இருக்கிறது பால் கூலிங் பண்ற எடத்துல மட்டுந்தான். சரின்னு பூல்பாண்டிக்கே வெத்தலை பாக்கு குடுத்துட்டாவ. நான் வாங்கிக் குடுத்த கச்சேரி தம்பி அது. நல்லாக் கேட்டுக்கிடுங்க, நான் வாங்கிக் குடுத்தது.

கொடை அன்னைக்குப் பாத்தா, ஊருக்குள்ள கால் வைக்க எடமில்ல. வேன் போட்டு வந்திருக்கான். லோடு ஆட்டோவுல வந்திருக்கான். ஏழெட்டு ஊர்ப் பொம்பளையாளுவ அம்புட்டும் தரையில உக்காந்திருக்காவ. எனக்கு மொகமே செத்துப்போச்சு. இவனுவள்லாம் மழையில எங்க இருந்தான்? அந்தப் பாட்டை இவனுவ எல்லாம் கேக்கலாமா? பூட்டி வச்சிருந்த வீட்டுக்குள்ள சந்தை கூடுன மாதிரி இருந்துச்சு எனக்கு.

பூல்பாண்டி என்னையத் தேடி வந்தான். கைய புடிச்சிக்கிட்டான். "அண்ணாச்சி, மதுரையில இருந்து ஒருத்தர் வந்திருக்காரு. பாட்டைப் பதிவு பண்ணி வெளியிடுத கம்பெனி. குழாயடிப் பாட்டை நேர்ல கேக்கணும்னு வந்திருக்காரு. கடைசிப் பாட்டா வச்சிருக்கோம். பத்து மணிக்கு மைக் ஆப் பண்ணிரணும், எஸ்.ஐ. கண்டிப்பாச் சொல்லிட்டாரு. முப்பிடாதிக்கு இது ஒண்ணுதான் வழி அண்ணாச்சி, அவளுக்குக் கல்யாணம் பேசிட்டாவ, அதுக்கப்புறம் பாட விடமாட்டாவ. இன்னைக்கு ஒரு நாளு பாட்டுக்கு நடுவுல மேடைக்கு வந்திராதீங்க"ங்கான்.

பாத்தீயளா? ஆத்தைக் கடக்குத வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்ததும் நீ யாரு நான் யாரு. ஆனா நான் பெரிய மனுசன்லா. "சரி பூல்பாண்டி, பாட்டுக்கு நடுவுல வரமாட்டேன்"னு வாக்குக் குடுத்தேன். குடுத்த வாக்கை நான் மீறல. பாட்டுக்கு நடுவுல நான் போகல. பாட்டுக்கு முன்னாலயே போயிட்டேன்.

கடைசிப் பாட்டுன்னு அவன் சொன்ன ஒடனே மேடை ஏறிப் பொன்னாடையைப் போத்திட்டு மைக்கை வாங்குனேன். ரெண்டே வார்த்தைதான் பேசணும்னு இருந்தேன், சத்தியமா. மழையைச் சொன்னேன். நானும் எம் பொண்டாட்டியும் மட்டும் உக்காந்திருந்ததைச் சொன்னேன். "இன்றைக்கு வந்திருக்கிறீர்களே, அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள்?"னு கேட்டேன். ஒடனே கூட்டம் கைதட்டுது பாருங்க! அப்படி ஒரு கைதட்டலை நான் ஆயுசுல வாங்குனதில்ல. விசிலு வேற. கைதட்டுனா என்ன தம்பி அர்த்தம்? பேசுன்னுதான அர்த்தம்? பேசுனேன். பேசப் பேசத் தட்டுதான். "போதும், எறங்கு அண்ணாச்சி"ன்னு யாரோ ஒரு மூதி கத்துனான், எல்லா ஊர்லயும் அப்படி ஒருத்தன் இருப்பான். பூல்பாண்டி பின்னால நின்னு எஞ்சட்டையப் புடிச்சி இழுக்கான். உணர்ச்சி வசப்பட்டுட்டாம்னு நெனைச்சேன்.

"ஆக, சின்னக் கலைஞர்களை ஆதரிக்க வேண்டும் என்று கூறி"ன்னு முடிக்கப் போறேன், டப்புன்னு மைக் அணைஞ்சிட்டு. பத்து மணி. எஸ்.ஐ. கைய காட்டிட்டாரு, மைக்செட்டுக்காரன் ஆப் பண்ணிட்டான். கீபோர்டுலயும் சத்தமில்ல. அம்புட்டுக் கூட்டமும் கப்புன்னு அடங்கிப்போச்சு.

முப்பிடாதி பொன்னாடையோட நிக்கா. செத்த மைக்கைக் கையில வச்சிருக்கா. என்னையப் பாத்தா. திட்டல தம்பி. திட்டிருந்தா நான் பதில் சொல்லிருப்பேன். சும்மா பாத்தா. அந்த மதுரைக்காரரு எந்திரிச்சி வேட்டியைச் சரிபண்ணிட்டுக் கெளம்புதாரு. பூல்பாண்டி கீபோர்டு மேல குப்புறக் கவுந்துட்டான்.

அந்தப் பிள்ளை மேடை ஓரத்துல வந்து, காலைத் தொங்கப்போட்டு உக்காந்துச்சு. மைக்கைக் கீழ வச்சிட்டு, வெறும் தொண்டையில ஆரம்பிச்சிட்டு. கொடத்துக்குப் பின்னால கொடமிருக்கு. ரெண்டாவது வரியிலயே முன்னால இருந்த பொம்பளைக சேந்துட்டாவ. அப்புறம் கூட்டம் பூராவும் பாடுது. ஊர்ல ஒரு நாய் கொரைக்கல. எஸ்.ஐ. தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டாரு. மைக்குக்குத்தான பத்து மணி, மனுசன் தொண்டைக்கு ஏது பத்து மணி?

முதல் அடி முடிஞ்சிட்டு. சரி, பாட்டு முடிஞ்சிட்டுன்னு நான் கையைத் தூக்குனேன், தட்டுறதுக்கு. அப்பதான் தம்பி, அவ இன்னொரு அடி பாடுதா:

அம்மா வச்ச கொடம் அங்க நிக்குது
அவ போயி மாசம் ஒண்ணு ஆகுது
சும்மாதான் கெடக்குன்னு தள்ளலியே
சண்ட போட்ட கைதான் அதை ரொப்புது

கூட்டத்துல பொம்பளைக மாருல கைய வச்சிட்டு அழுதாவ. அந்த மதுரைக்காரரு நின்ன எடத்துலயே நின்னுட்டாரு. எனக்கும் அழுகை வந்துட்டு, ஆனா அது வேற காரணம். ஒரு அருமையான சிரிப்புப் பாட்டை இப்படி அழுகைப் பாட்டாக்கிட்டாவளேன்னு. பேரு வந்ததும் என்ன செய்யுதாவ பாத்தீயளா? மாத்திருதாவ. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

மேடையில இருந்து எறங்குனதும் பூல்பாண்டியைப் புடிச்சிக் கேட்டேன். "ஏம்ப்பா, அந்த ரெண்டாவது அடியை எப்பச் சேத்தீய?" அவன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். "அண்ணாச்சி, அது மொதல்ல இருந்தே இருக்கு. அந்தப் பாட்டே அதுக்காகக் கட்டுனதுதான். அவ அம்மா எறந்த மாசம்"ங்கான். பொய்! ஒரு கச்சேரி விடாம வந்தவன்கிட்ட சொல்லுதான்! ஒரு கச்சேரி விடாம!

வீட்டுக்கு வந்து குருவம்மாட்ட சொன்னேன். "இந்த அநியாயத்தைக் கேட்டியா, மொதல்லயே இருந்துச்சாம்"னேன். அவ முந்தானையால மூக்கைச் சிந்திட்டு, "ஆமா, இருந்துச்சு"ன்னா. "ஒனக்கு எப்படித் தெரியும்?"னேன். "நீங்க மேடையில நிக்கும்போது நான் கீழதான உக்காந்திருந்தேன்"னா. அதோட படுத்துட்டா. எனக்கு ஒறக்கம் வரல. கொசு.

இப்பக் கேளுங்க. அந்த மதுரைக்காரரு பாட்டை எடுத்துக்கிட்டாரு. பதிவு பண்ணி வெளியிட்டாரு. முப்பிடாதிக்குப் பேசுன மாப்பிள்ளை வீட்டுல, பாடட்டும்னு சொல்லிட்டாவளாம். இன்னைக்கு அவங்க பெரிய ஆளு. அவங்க கச்சேரியிலயும் இப்ப வீட்டு ஒசரத்துக்கு டிவி கட்டுதான். இதெல்லாம் யாரால? நான் பேசலைன்னா மைக் அணைஞ்சிருக்குமா? மைக் அணையலைன்னா அந்தப் பிள்ளை வெறும் தொண்டையில பாடிருக்குமா? ஊரு அழுதிருக்குமா? கூட்டிக் கழிச்சிப் பாருங்க. வளத்துவிட்டவன் நான். ஆனா போன் போட்டா எடுக்க மாட்டேங்கான். அந்தப் பொன்னாடை கூட அன்னைக்குத் திருப்பி வரல தம்பி. இது புதுசு.

சரி, சவத்தை விடுங்க. நமக்குக் கலைதான முக்கியம். இப்பப் புளியங்குடி பக்கம் ஒரு புதுக் குழுவைப் புடிச்சிருக்கேன். மூணே பேரு. பாடுறவனுக்குச் சுதியும் சேராது, கீபோர்டுக்காரன் ரெண்டு கட்டையைப் பாத்துப் பாத்து அமுக்குதான். நல்லா விசாரிச்சிட்டேன், இவனுவ தேறவே மாட்டானுவ. சொந்தப் பாட்டு கட்டுற கிறுக்கும் கெடையாது. வீடியோ எடுக்கவும் ஆள் இல்ல.

குருவம்மாளா? அவ வரல. இன்னைக்குத் திருநெல்வேலியில பூல்பாண்டி குழுக் கச்சேரி, தெருப் பொம்பளைகளோட வேன்ல போயிருக்கா. என்னையும் கூப்பிட்டா. "அங்க எல்லாம் கீழதான உக்காரணும்"னேன். "ஆமா, கீழதான் உக்காரணும்"னா. செருப்பை மாட்டிட்டுப் போயிட்டா.

போன வாரமும் அவ வரல, நான் தனியாப் போயிதான் இந்தப் புதுக் குழுவுக்குப் பொன்னாடை போத்துனேன். மைக்கையும் குடுத்தான், நல்ல பயக. பேச வாயைத் தொறந்துட்டுக் கீழ பாக்கேன். அவ எப்பவும் உக்காருத எடத்துல ஒரு பிளாஸ்டிக் நாக்காலி கவுந்து கெடக்கு. யாரைப் பாத்துப் பேசன்னு தெரியல தம்பி. இத்தனை வருசத்துல மொதத் தடவையா எனக்குப் பேச்சு வரல. நன்றி வணக்கம்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

அந்தா புளியங்குடி வருது. ஒங்களுக்குத் தென்காசியில அவசர சோலி ஒண்ணும் இல்லைன்னா எங்கூட எறங்குதீயளா? ஒரு மணி நேரந்தான், அடுத்த பஸ்ஸுல நானே ஏத்திவிடுதேன். பாட்டெல்லாம் நீங்க கேக்க வேண்டாம். நான் மேடை ஏறும்போது மட்டும் கீழ உக்காந்திருந்தாப் போதும்.